தோல் நிறச் சோதனை

திங்கட்கிழமை காலை கூரியர்காரர் கீழே நின்று ஹாரன் அடித்தார். மாடியிலிருந்து இறங்கிப் போய்க் கையெழுத்துப் போட்டு, அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. பிரிக்காமலே உள்ளே இருப்பதை என்னால் சொல்லிவிட முடியும். கறுப்பாக ஒரு கேமரா, ஒரு லென்ஸ், ஒரு சார்ஜர், ஒரு மெமரி கார்டு, யாரும் படிக்காத ஒரு கையேடு, ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பவும் என்று ஒரு கடிதம். பதினேழு வருடமாக இதே பெட்டிதான் வருகிறது. மேலே ஒட்டியிருக்கும் பெயர்தான் மாறும்.

ஆர்வலர்களுக்கான இடைநிலை டிஎஸ்எல்ஆர் என்று கடிதத்தில் போட்டிருந்தது. போதுமடா சாமி என்றிருந்தது எனக்கு. புதிதாகக் கற்பவனுக்கான கேமரா என்றால் விலை குறைவு என்று மன்னித்துவிடலாம். தொழில்காரனுக்கானது என்றால் மனதாரப் புகழ்ந்துவிடலாம். இந்த நடு ரகம் இருக்கிறதே, அது ரயிலில் ஆர்.ஏ.சி. டிக்கெட் கிடைத்த மாதிரி. படுக்கவும் முடியாது, இறங்கிப் போகவும் மனசு வராது. மேலே சின்னத் திரை இருக்கும், ஆனால் வெளிச்சம் போதாது. தூசி புகாது என்பார்கள், மழையில் எடுக்காதே என்றும் சொல்வார்கள். இதில் எது பரவாயில்லை, எது பரவாயில்லையில்லை என்று நான் எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டு எங்கேயோ ஒருவர் ஆறு மாதம் யோசித்து வாங்குவார். வாங்கிய பிறகு படம் நன்றாக வரவில்லை என்று எனக்கே கடிதம் போடுவார். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம், லென்ஸ் மேல் பழி போடாதீர்கள் என்று எத்தனையோ பேருக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேமராவை மதிப்பிடுவது என் தொழில் அல்ல. பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் தரப் பரிசோதகனாக இருந்தேன். கடைசல் இயந்திரத்திலிருந்து வரும் ஒவ்வொரு துண்டையும் அளவுமானியில் வைத்துப் பார்ப்பது, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று சொல்வது, அவ்வளவுதான் வேலை. குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் கேமரா பற்றி எழுதப் போய், பத்திரிகை நின்றுபோய், அது இணையதளமாக மாறி, நானும் அதோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் இதிலிருந்து ஓய்வு கிடைக்கவில்லை.

என் சோதனைக்கு ஒரு முறை உண்டு, ஒரு நாளும் மாற்றியதில்லை. முதலில் ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய ரயில்வே கிடங்கின் செங்கல் சுவர். லென்ஸின் ஓரம் மங்குகிறதா, கோடு வளைகிறதா என்று அதில் தெரிந்துவிடும். அடுத்து சிக்னலில் வரும் ஆட்டோக்கள், ஃபோகஸ் எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது என்பதற்கு. அப்புறம் மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் பூக்கள், நிறத்துக்கு. கடைசியாக, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கிழக்கு ஜன்னல் பக்கம் என் மனைவி.

இதைத் தோல் நிறச் சோதனை என்போம். பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார வேண்டும். முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்ப வேண்டும். உள்ளங்கை அளவு ஒரு கலர் கார்டு, கட்டம் கட்டமாக நிறங்களும், கீழே ஒரு வரிசை சாம்பல் கட்டங்களும் இருக்கும். அதைக் கன்னத்தை ஒட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒளியுணர் திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, நூறில் ஆரம்பித்து இருபத்தையாயிரம் வரை ஏற்றிக்கொண்டே போவேன். வெளிச்சம் குறையக் குறையப் படத்தில் எவ்வளவு புள்ளி விழுகிறது, தோல் தோலாக இருக்கிறதா, மெழுகு பூசினாற்போல் ஆகிவிடுகிறதா என்று பார்ப்பதற்கு. அதுவரை அவள் அசையக்கூடாது. பதினேழு வருடத்தில் அவளுக்கும் கேமரா பழகிவிட்டது. "இது போன தடவ வந்ததவிட சத்தம் கம்மிங்க" என்பாள். நான் கருவி வைத்து அளந்து பார்த்தால் சரியாகத்தான் இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது நான் கேமராவின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். அவள் மல்லேஸ்வரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் பதினெட்டு வருடம் எழுத்தர். அந்த மாதத்தோடு ஓய்வு.

"ஏங்க, அடுத்த திங்கக்கிழம எனக்கு சென்ட் ஆஃப் வெச்சிருக்காங்க. ஃப்ரேமுக்கு ரெண்டு போட்டோ வேணும். சனிக்கிழம சாயந்தரம் பிரிண்டுக்குக் குடுக்கணும்."

அந்த ஃப்ரேம் எனக்கும் தெரியும். அந்தப் பள்ளியில் ஒரு பழக்கம். ஓய்வு பெற்றுப் போகிறவர்களுக்கு ஒரே சட்டத்தில் இரண்டு படம் போட்டு மாட்டுவார்கள். இடது பக்கம் வேலைக்கு வந்த புதிதில் எடுத்தது, வலது பக்கம் இப்போதையது. ஹெட்மாஸ்டரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் உண்டு. ஒவ்வொருவரிடமும் கெஞ்சிப் பழைய படம் வாங்கி, கடைக்குக் கொடுத்து, சட்டம் போட்டு மாட்டும் வேலையை இத்தனை வருடம் செய்தவள் இவள்தான்.

"இப்ப எடுக்கிறத சனிக்கிழம எடுத்துக்கலாம். பழசுதான் வேணும். நான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிட்டேன், எங்க வீட்டுக்காரர்கிட்ட என் போட்டோ ஆயிரம் இருக்கு, என் ஃப்ரேம்தான் ஜம்முனு இருக்கும்னு. மானத்த வாங்கிடாதீங்க."

"அதுக்கென்ன, எடுத்துத் தரேன்" என்றேன். தலையைத் தூக்கவில்லை. மேல்திரையின் விளக்கு எத்தனை வினாடி எரிகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய் சுவருக்குப் போனது. புதன்கிழமை மார்க்கெட். அங்கே வழக்கமாக நான் படம் பிடிக்கும் பூக்கார அம்மாவுக்கு என்னைக் கண்டாலே சிரிப்பு. "பர்றி சார், வாங்க வாங்க. பத்து வருஷமா எங்க பூவ பிடிச்சுப் பிடிச்சுப் போறீங்க. ஒரு மொழம் வாங்கிக்கிட்டுப் போயி அம்மாவுக்குக் குடுத்தா கேமரா ஒடஞ்சுடுமா?" என்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். நான் அசடு வழிந்துகொண்டு சாமந்தியின் மஞ்சள் சரியாக வந்திருக்கிறதா என்று பின்திரையில் பார்த்தேன். பூ வாங்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது மனைவி கேட்டாள். "தேடினீங்களா?" நானும் ஒவ்வொரு நாளும் சொன்னேன். "இருக்கும்மா, எங்க போயிடப்போவுது?"

வியாழக்கிழமை மத்தியானம் ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகினேன்.

கேமரா வாரியாக அடுக்கி வைத்திருந்தேன். பதினேழு வருடக் கேமராக்கள். எந்த அடுக்கைத் திறந்தாலும் சுத்தமாக, ஒழுங்காக இருக்கும், அதில் எனக்குக் கர்வம் உண்டு. முதல் கேமராவைத் திறந்தேன். அவளுடைய இடது கண் இருந்தது. ஐஎஸ்ஓ நூறில் ஒரு கண், இருநூறில் அதே கண், நானூறில் அதே கண். அவ்வளவுதான். அடுத்த கேமராவில் காதும், காதோரம் கொஞ்சம் முடியும். அதற்கடுத்ததில் மூக்குத்தி. பிறகு புடவைக் கரை, ரவிக்கையின் தையல், மறுபடியும் கண்.

இதை நூறு சதவீதத் துண்டு என்போம். முழுப் படத்தைச் சின்னதாக்கிக் காட்டினால் எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான். அதனால் ஒரு இடத்தை மட்டும் வெட்டி, அதன் உண்மையான அளவில் பக்கத்துப் பக்கத்தில் வைப்போம். வாசகர்களுக்கு அதுதான் வேண்டும். முழுப் படம் யாருக்கும் வேண்டாம். முகத்தில் பாதியைக் கலர் கார்டு வேறு மறைத்துக்கொண்டிருக்கும். கட்டுரை வெளிவந்ததும் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுவேன். இடத்தை அடைக்கிறதே என்று. கேமராவைத் திருப்பி அனுப்பும்போது அதன் மெமரி கார்டையும் துடைத்து அனுப்ப வேண்டும், அதுதான் முறை.

எங்கேயாவது ஒன்று தப்பியிருக்கும் என்று ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றும் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில்தான் போட்டோ சேரும். கல்யாண ஆல்பம் இருக்கிறது, ஆனால் அது வேலைக்குப் போவதற்குப் பத்து வருடம் முந்தியது. உறவுக் கல்யாணங்களில் எடுத்த கூட்டப் படங்களில் அவள் முகம் வேர்க்கடலை அளவுதான் இருக்கும். கேமராக்காரன் நீ, நீ எடு என்று என்னைக் கூப்பிடுவார்கள். வாரம் பூரா இதுதானே என்று நான் நழுவிவிடுவேன்.

முழுசாக இருந்தது ஒன்றே ஒன்று, அந்தச் செங்கல் சுவர். கேமராவுக்குக் கேமரா ஒப்பிட வேண்டுமே என்று ஒரு படத்தைக்கூட அழிக்காமல் வைத்திருந்தேன். பதினேழு வருடச் சுவர், மூலைக்கு மூலை, துல்லியமாக. எந்த மழைக்கு எந்தச் செங்கல் உதிர்ந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அப்படித் திறந்துகொண்டே வந்தபோதுதான் அந்தக் கண் தென்பட்டது. ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு கேமரா. மற்றத் துண்டுகளில் இல்லாத சிவப்பு அதில் இருந்தது. இமையின் விளிம்பு, கண்ணின் ஓரம், மூக்கின் பக்கவாட்டில் கொஞ்சம். அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்தேன். நான் எழுதியதுதான். 'தோல் நிறத்தில் சிவப்பு தூக்கலாக இருக்கிறது. கண் விளிம்பைப் பாருங்கள். நிறுவனம் கவனிக்க வேண்டிய குறை இது.' அதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்திருந்தேன். கீழே வாசகர்கள், சார் உங்களுக்குக் கழுகுக் கண் என்று பாராட்டியிருந்தார்கள்.

துண்டின் ஓரத்தில் கலர் கார்டின் இரண்டு சாம்பல் கட்டங்கள் விழுந்திருந்தன. கேமரா சிவப்பைக் கூட்டியிருந்தால் சாம்பலும் சிவந்திருக்கும். அளந்து பார்த்தேன். சாம்பல் சுத்தமான சாம்பலாக இருந்தது. இரண்டு தடவை, மூன்று தடவை அளந்தேன். கேமராவில் ஒரு குறையும் இல்லை. அவள் அழுதிருக்கிறாள். அழுத கண்ணோடு வந்து உட்கார்ந்து கார்டைப் பிடித்திருக்கிறாள். மூன்று அடி தூரத்தில் நின்று நான் அதைப் பார்த்து, அளந்து, ஊருக்கெல்லாம் காட்டி, கேமரா சரியில்லை என்று எழுதியிருக்கிறேன். முப்பது வருடம் தரப் பரிசோதனை செய்தவன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று தோன்றியது. எதற்காக அழுதாள் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது என்பது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அந்தக் கேமராவின் பேட்டரி எத்தனை படம் தாங்கியது என்பது நினைவிருந்தது.

அன்றைக்கும் அவளிடம் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றே சொன்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், காபி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அவள் எதிரே வந்து உட்கார்ந்தபோது அதற்குமேல் இழுக்க முடியவில்லை.

"இல்லம்மா. ஒண்ணுகூட இல்ல."

"எது இல்ல?"

"உன் மொகம். துண்டு துண்டாதான் இருக்கு. மிச்சத்த அழிச்சிட்டேன்."

முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். கண், காது, மூக்குத்தி என்று வரிசையாகப் பார்த்தாள். நடுவில் ஒரு அடுக்கை அவளே திறந்தாள். செங்கல் சுவர் திரை முழுக்க வந்தது. அடுத்ததைத் திறந்தாள், அதுவும் சுவர்.

"சுவர வெச்சுத்தான் சித்திரம்னு சொல்லுவாங்க" என்றாள். "உங்ககிட்ட சுவர் மட்டும்தான் இருக்கு."

நான் அந்த அடுக்கை மூடினேன்.

"ஆயிரம் தடவ உக்காந்திருக்கேங்க. கால் மரத்துப் போற வரைக்கும் உக்காந்திருக்கேன். அடுப்புல பால வெச்சிட்டு வந்து உக்காந்திருக்கேன். எல்லார்கிட்டயும் பெருமை பீத்திக்கிட்டேனே, இப்ப நான் என்னன்னு போயி சொல்றது? மூஞ்சிய வெட்டிட்டு மூக்குத்தி மட்டும் வெச்சிருக்கார்னா?"

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குக் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் சுலபமாக இருந்திருக்கும். அவள் எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். நான் குடிக்காத காபி ஆறிப்போனது. மன்னித்துக்கொள் என்று சொல்லவும் எனக்கு வரவில்லை, பழக்கமில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் குளித்து, பச்சைப் புடவை கட்டி, ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்தாள். அவளே முகத்தை இடது பக்கம் திருப்பினாள். அவளே மேசையிலிருந்து கலர் கார்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"ம், ஆரம்பிங்க. நூறா?"

"கார்ட கீழ வெச்சிடும்மா. இன்னைக்கு அது வேணாம்."

வைத்துவிட்டாள். ஆனால் கை மட்டும் கன்னத்துப் பக்கமே நின்றது. "அப்ப கைய எங்க வெக்கறது?" என்றாள். மடியில் வை என்றேன். வைத்தாள். என்னைப் பார்க்கச் சொன்னேன், ஒரு வினாடி பார்த்துவிட்டுக் கண் தானாக ஜன்னலுக்குப் போய்விட்டது. சிரிக்கச் சொன்னேன். ரேஷன் கார்டுக்கு எடுக்கிற மாதிரி விறைத்தாள். அந்த விறைப்பைக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

"ஏதாவது பேசு."

"பேசறதா? வாயாடினா ஷேக் ஆயிடும்னு நீங்கதான சொல்லுவீங்க?"

"பரவால்ல, பேசு."

"என்னத்தப் பேசறது?"

அப்போதுதான் கேட்டேன். கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கிவிட்டுக் கேட்டேன். "ஏழெட்டு வருஷம் முந்தி ஒரு தடவ நீ அழுதுட்டு வந்து உக்காந்திருக்கே. ஏன்?"

எந்தத் தடவை என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. உடனே தெரிந்துவிட்டது அவளுக்கு.

"அதுவா? அந்த வருஷம் ஸ்கூல்ல மேனேஜ்மென்ட் மாறிச்சுல்ல. ஆபீஸ் லெட்டர் எல்லாம் இனிமே கன்னடத்துலதான் எழுதணும், எழுத வராதவங்க வேற வேல பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. எனக்குப் பேச வரும், எழுத எங்க வரும்? மூணு மாசம் டைம் குடுத்தாங்க. வெள்ளிக்கிழம சொன்னாங்க. சனிக்கிழம காலைல உங்ககிட்ட சொல்லலாம்னு உக்காந்தேன்."

"சொல்லலியே நீ?"

"வாயத் தொறந்தேன். ஆடாதேன்னீங்க."

ரயில் ஒன்று போனது. அந்தச் சத்தம் அடங்கியதும் அவள் மேலே சொன்னாள்.

"மறுபடி தொறந்தேன். பேசாதே, கண்ணு ஷேக் ஆவுதுன்னீங்க. அப்புறம் நீங்க கம்ப்யூட்டர் முன்னாடி போயி உக்காந்துட்டீங்க. சரி, நாமளே பாத்துப்போம்னு விட்டுட்டேன். ட்ரில் டீச்சர்கிட்ட மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல எழுதக் கத்துக்கிட்டேன். மூணு மாசம் ஒழுங்கா சாப்பிடவேயில்ல தெரியுமா? ஒத்தக்ஷரா போட்டுப் போட்டுக் கை வீங்கிடுச்சு. கடைசியில அவங்களே, நம்ம மேடம் எழுத்துதான் ஆபீஸ்லயே முத்து முத்தா இருக்குன்னாங்க!"

இதைச் சொல்லும்போது அவள் கை மடியிலிருந்து எழுந்து காற்றில் எழுத்துப் போட்டுக் காட்டியது. ஒரு எழுத்தின் காலடியில் இன்னொரு எழுத்தைச் செருகுவதுதான் ஒத்தக்ஷரா என்று சிரித்துக்கொண்டே விளக்கினாள். அந்த நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அலமாரியில் கிடந்தன. ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளையின் நோட்டு என்று அவற்றின் மேல் லென்ஸ் பெட்டியை வைத்திருந்தேன். கேமராவைத் தூக்கி அமுக்கினேன். வெளிச்சம், வேகம் ஒன்றும் பார்க்கவில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள், நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பின்திரையில் பார்த்தோம். தரப் பரிசோதகன் கண்ணுக்கு எல்லாமே ரிஜெக்ட். கை கலங்கியிருந்தது, உதடு இரட்டையாகத் தெரிந்தது. ஒன்றில் ஃபோகஸ் காதில் போய் உட்கார்ந்திருந்தது. அவள் அதைத்தான் காட்டினாள். வாய் திறந்திருக்கிறது, கண் ஒரு பக்கமாகச் சிரிக்கிறது, கை பாதி மேலே எழுந்திருக்கிறது.

"இது இருக்கட்டும். இதுல நான் பேசறேன்" என்றாள்.

வலது பக்கம் கிடைத்துவிட்டது. இடது பக்கத்துக்கு அவளே பீரோவைத் திறந்து, பழைய மணிபர்சைத் தேடி எடுத்தாள். அதற்குள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய பஸ் பாஸ் இருந்தது. ஸ்டாம்ப் அளவு படம். ஸ்ரீராம்புரத்தில் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் அவசரத்துக்கு எடுத்தது. தாடையின் மேல் வட்ட முத்திரை பாதி விழுந்திருந்தது. ஆனால் நெற்றி, இரண்டு கண், இரண்டு காது, மூக்கு, வாய், எல்லாம் இருந்தது. அந்த ஸ்டுடியோக்காரர் யாரோ, ஐந்து நிமிடம் செலவழித்திருப்பார். அவர் எடுத்த முகத்தை நான் பதினேழு வருடத்தில் எடுக்கவில்லை. ஜன்னலோரம் பாஸை வைத்து இந்த இடைநிலைக் கேமராவால் அதைப் படம் பிடித்துப் பெரிதாக்கினேன். முத்திரையை அழித்துவிடலாமா என்று கேட்டேன். "இன்னும் என்னத்த அழிக்கணும் உங்களுக்கு?" என்றாள். அப்படியே விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் அந்தச் சட்டம் மேசைமேல் மாலையோடு இருந்தது. இடது பக்கம் புள்ளி புள்ளியாக, முத்திரையோடு ஒரு முகம். வலது பக்கம் கலங்கலாக ஒரு கை. சுவரில் மாட்டியிருந்த மற்றவர்களின் படங்கள் எவ்வளவோ தெளிவாக இருந்தன. நான் ஒரு மூலையில் போய் நின்றுகொண்டேன். யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. கேட்டார்கள். ஹெட்மிஸ்ட்ரெஸ் சட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சிரித்த முகமாகத்தான், எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"மேடம், ஆயிரம் போட்டோ இருக்குன்னீங்களே. இது ரெண்டும் சார் எடுத்ததா?"

அவள் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமா மேடம். ரெண்டும் இவர்தான் எடுத்தார். ஆயிரத்துல இதுதான் எனக்குப் பிடிச்சது."

எல்லோரும் கை தட்டினார்கள். ட்ரில் டீச்சர் என் பக்கம் திரும்பி, "சென்னாகிதே சார்" என்று படம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். அவருக்கு நான் கை கூப்பினேன். எதற்கென்று அவருக்குத் தெரிந்திருக்காது.

மாலையையும் சால்வையையும் பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வரும்போது கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னே?"

"பின்ன என்ன சொல்றது? இத்தன வருஷம் சொன்னத ஒரு நாளைக்காக மாத்திச் சொல்லவா?" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "சொன்னேன்ல, மானத்த வாங்கிடாதீங்கன்னு. அது என் மானம் மட்டும்னு நெனச்சீங்களா?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிச்சிக்கோ என்று சொன்னேன். சிக்னலில் ஹாரன் சத்தம், அவளுக்குக் கேட்டதோ என்னவோ, கையை எடுக்கவில்லை.

மறுநாள் கேமராவைத் திருப்பி அனுப்பினேன், ஒரு நாள் தாமதம். அந்த முறை மெமரி கார்டைத் துடைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் வீட்டில் இறக்கிக்கொண்டேன். அந்தப் பழைய கேமராவின் கட்டுரையில் எடுத்த நட்சத்திரத்தைத் திருப்பிப் போட்டேன், யாரும் கவனிக்கவில்லை. புதிய கட்டுரையை வழக்கம்போல எழுதினேன். கையில் பிடிக்க வசதி, பேட்டரி நன்று, மேல்திரை வெளிச்சம் போதாது, சுவரின் ஓரம் லேசாக மங்குகிறது, சாமந்தி மஞ்சள் சரி. கடைசித் தலைப்பின் கீழே இரண்டே வரி எழுதினேன். இணையதளத்திலிருந்து போன் செய்து இது என்ன சார், துண்டுப் படங்கள் எங்கே என்று கேட்டார்கள். அப்படியே போடுங்கள் என்றேன்.

'தோல் நிறச் சோதனை: செய்யவில்லை. உட்கார்ந்தவர் பேசிக்கொண்டிருந்தார்.'